சர்வர்ல ஃபைல் போட மட்டும் ஒருத்தருக்கு வழி விடுறது எப்படி: எஸ்எஃப்டிபி, சிஎச்ரூட் பத்தி ஆரம்பத்துல இருந்து

ஒரு சர்வர் உங்க பொறுப்புல இருக்குன்னு வைங்க. என்னைக்காவது ஒரு நாள் யாராவது வந்து கேப்பாங்க, "எனக்கு அந்த ஒரு ஃபோல்டர்ல ஃபைல் போட்டு எடுக்க மட்டும் ஒரு லாகின் வேணும், வேற எதுவும் வேண்டாம்"னு. டிசைன் பண்றவரா இருக்கலாம், கணக்கு பார்க்கிறவரா இருக்கலாம், ராத்திரி 2 மணிக்கு ரிப்போர்ட் ஃபைலைக் கொண்டு வந்து போட்டுட்டுப் போற இன்னொரு மெஷினா கூட இருக்கலாம். நம்மள்ல நிறைய பேர் என்ன பண்றோம்னா ஒரு யூசர் கிரியேட் பண்ணி ஒரு பாஸ்வேர்ட் வச்சு அனுப்பிடுறோம், அவரும் ஃபைல்ஜில்லாவையோ வின்எஸ்சிபியையோ திறந்து கனெக்ட் ஆயிடுச்சு தேங்க்ஸ்னு சொல்லிடுறார், நாமளும் அடுத்த வேலையைப் பார்க்கப் போயிடுறோம்.

அவர் கேட்டது ஒரு ஃபோல்டர். நாம குடுத்தது சர்வர்ல ஒரு முழு ஆளா உள்ள வந்து உக்கார்ற உரிமை. அந்த லாகின்ல அவர் எஸ்எஸ்எச் பண்ணி (தூரத்துல இருந்து என்கிரிப்ட் ஆன கனெக்ஷன்ல சர்வருக்குள்ள வர்ற முறை) ஷெல்லுக்குள்ள, அதாவது கமாண்ட் அடிக்கிற இடத்துக்குள்ள, வரலாம், கமாண்ட் ஓட்டலாம், மத்த யூசர்களோட பேர் எல்லாம் பார்க்கலாம், எந்த ஃபைலுக்கெல்லாம் "எல்லாரும் படிக்கலாம்"னு பர்மிஷன் இருக்கோ அதையெல்லாம் படிக்கலாம், அப்படிப்பட்ட ஃபைல்கள்ல டேட்டாபேஸ் பாஸ்வேர்ட் எழுதி வச்ச கான்ஃபிக் ஃபைல் இருக்கிறது ரொம்ப சகஜம். அவர் ரொம்ப நல்லவராவே இருக்கட்டும், அவரோட லேப்டாப் திருடு போனாலோ அதே பாஸ்வேர்டை அவர் வேற எங்கயோ போட்டு அது லீக் ஆனாலோ அப்போ உள்ள வரப்போறது அவர் இல்ல.

இந்த இடைவெளியை எப்படி மூடுறதுங்கிறதுதான் இந்தக் கட்டுரை. லினக்ஸ் சர்வர், அதுல எஸ்எஸ்எச் வேலையைப் பார்க்கிற ஓப்பன்எஸ்எஸ்எச், இது ரெண்டும் இருந்தா போதும், வேற எந்த சாஃப்ட்வேரும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். கமாண்டோட எழுத்துக்கு எழுத்து ஸ்பெல்லிங்கை உங்க சிஸ்டம்ல இருக்கிற மேனுவல் பேஜ்ல பார்த்துக்கோங்க, இங்க நான் சொல்ல வர்றது எது எதுக்கு, ஏன் அப்படிங்கிறதைத்தான். ஏன்னு புரியாம நாலு வரி காப்பி பேஸ்ட் பண்ணி வேலை செஞ்சுட்டா அதுல எந்தக் கதவு இன்னும் திறந்திருக்குன்னு தெரியாமலே போயிடும்.

எஃப்டிபி வேற, எஃப்டிபிஎஸ் வேற, எஸ்எஃப்டிபி வேற

இதுலதான் முதல் குழப்பம். எஃப்டிபி, அதாவது நெட்வொர்க் வழியா ஃபைல் அனுப்புற முறை, ரொம்பப் பழசு, 1971ல எம்ஐடில படிச்சிட்டிருந்த அபய் பூஷன் எழுதின ஆர்எஃப்சி 114ங்கிற நெட்வொர்க் ஆவணத்துல இருந்து ஆரம்பிக்குது. அப்போ நெட்வொர்க்ல இருந்த மெஷின்களே கொஞ்சம்தான், அதனால பாஸ்வேர்டும் ஃபைலும் வெறும் எழுத்தா அப்படியே ஒயர்ல போச்சு, நடுவுல உக்காந்து கேக்கிற யாருக்கும் எல்லாமே தெரியும். அதே எஃப்டிபிக்கு மேல டிஎல்எஸ்னு ஒரு என்கிரிப்ஷன் உறை போட்டா அது எஃப்டிபிஎஸ், ஆனா எஃப்டிபியோட பழைய குணம் ஒண்ணு அதுலயும் ஒட்டிக்கிட்டே இருக்கும், பேச ஒரு கனெக்ஷன், ஃபைல் அனுப்ப தனியா இன்னொரு கனெக்ஷன், அதுக்காக ஃபயர்வால்ல ஒரு பெரிய வரிசை போர்ட்டுகளைத் திறந்து வைக்கணும்.

எஸ்எஃப்டிபி பேர்லதான் எஃப்டிபி மாதிரி இருக்கு, உள்ளுக்குள்ள அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இது எஸ்எஸ்எச்சோட பிள்ளை. 1995ல ஹெல்சின்கி டெக்னாலஜி யுனிவர்சிட்டில இருந்த டாட்டு யூலோனென், அங்க நெட்வொர்க்ல யாரோ பாஸ்வேர்டுகளை ஒட்டுக்கேட்டுத் திருடினதைப் பார்த்துட்டுத்தான் எஸ்எஸ்எச் எழுதினார். எஃப்டிபிக்கு 21, டெல்நெட்டுக்கு 23, இந்த ரெண்டுக்கும் பதிலா வரப்போற ஒண்ணுக்கு நடுவுல காலியா இருந்த 22ஐக் கேட்டு வாங்கினார், இன்னைக்கும் அதே 22தான். எஸ்எஃப்டிபிக்கு இந்த ஒரே போர்ட் போதும், லாகின், ஃபைல் லிஸ்ட், அப்லோட், டவுன்லோட் எல்லாம் அந்த ஒரே என்கிரிப்ட் ஆன கனெக்ஷனுக்குள்ளயே நடந்துடும்.

நல்ல விஷயம்தான், ஆனா பிரச்சனையும் இதே இடத்துலதான் ஆரம்பிக்குது. எஸ்எஃப்டிபி தனியா ஒரு சர்வீஸ் கிடையாது, எஸ்எஸ்எச் வாசல் வழியா உள்ள வர்ற பல வேலைகள்ல ஒண்ணு. ஷெல்லும் அதே வாசல்தான், டனலும் (சர்வர் வழியா வேற ஒரு போர்ட்டுக்குப் போடுற குழாய்) அதே வாசல்தான். அதனால ஃபைல் போட மட்டும்னு நினைச்சு நீங்க குடுக்கிற லாகின், நீங்களா எதுவும் தடுக்காத வரைக்கும், வாசலுக்குள்ள இருக்கிற எல்லா அறைக்கும் செல்லும். கட்டுப்படுத்துறதுன்னா ஒரே ஒரு பூட்டு போடுறது இல்ல, ஒவ்வொரு அறையையும் தனித்தனியா மூடணும். இதை மனசுல வச்சுக்கிட்டா மீதி எல்லாம் தானா புரிஞ்சிடும்.

சிஎச்ரூட்னா என்ன

லினக்ஸ்ல எல்லா ஃபைலும் ஒரு ஸ்லாஷ்ல இருந்து ஆரம்பிக்கும், அதான் உச்சி, அதுக்கு மேல ஒண்ணும் கிடையாது. சிஎச்ரூட் பண்றதுன்னா ஒரு புரோகிராமைக் கூப்பிட்டு "உனக்கு இந்த ஃபோல்டர்தான் உச்சி, இதுக்கு மேல உனக்கு உலகமே இல்ல"ன்னு சொல்றது. அது எத்தனை தடவை மேல போ மேல போன்னு கேட்டாலும் அந்த ஃபோல்டர்லயே நிக்கும். ஐடியா புதுசில்ல, 1979ல வந்த யூனிக்ஸ் 7ஆவது வெர்ஷன்லயே இருந்தது. ஆனா ரொம்ப நாள் வரைக்கும் எஸ்எஃப்டிபிக்கு இதைப் பண்றது பெரிய தலைவலி, ஏன்னா ஃபைல் அனுப்புற புரோகிராம் தனி ஃபைலா இருக்கும், ஆளை ஃபோல்டருக்குள்ள அடைச்சதுக்கு அப்புறம் அந்த புரோகிராமும் அதுக்கு வேண்டிய லைப்ரரிகளும் அந்த ஃபோல்டருக்குள்ளயே இருந்தாதான் ஓடும், அதனால ஒவ்வொரு யூசருக்கும் ஒரு குட்டி லினக்ஸையே காப்பி பண்ணி வைக்க வேண்டியிருந்தது. 2008ல ஓப்பன்எஸ்எஸ்எச் 4.9 வந்தப்போ சிஎச்ரூட் டைரக்டரின்னு ஒரு செட்டிங்கும் இன்டர்னல் எஸ்எஃப்டிபின்னு ஒண்ணும் சேர்ந்து வந்துச்சு. இன்டர்னல்னா எஸ்எஸ்எச் சர்வர் தனக்குள்ளயே ஃபைல் அனுப்புற வேலையைச் செஞ்சுக்குது, வெளிய இருக்கிற எந்த புரோகிராமையும் கூப்பிடுறதில்ல, அதனால அடைச்ச ஃபோல்டருக்குள்ள வெறும் ஃபைல்கள் இருந்தா போதும்.

இப்போ செட்டப்புக்கு வருவோம். முதல்ல ஒரு குரூப் கிரியேட் பண்ணுங்க, எஸ்எஃப்டிபி மட்டும்னு அர்த்தம் வர்ற மாதிரி ஒரு பேர் வச்சுக்கோங்க. ஒவ்வொரு ஆளுக்கும் தனி யூசர். தயவுசெஞ்சு நாலு பேருக்குச் சேர்த்து ஒரு பொது லாகின் குடுக்காதீங்க, யார் எந்த ஃபைலை அழிச்சாங்கன்னு பின்னாடி கண்டுபிடிக்கவே முடியாது, ஒருத்தர் வெளிய போனா மீதி மூணு பேருக்கும் மாத்தணும். யூசரோட ஷெல்லை நோலாகின்னு மாத்திடுங்க, ஷெல் கேட்டா அது உள்ள விடாம திருப்பி அனுப்பிடும். அப்புறம் அந்த யூசரை அந்த குரூப்ல சேருங்க.

அடுத்து ஈடிசிக்குள்ள எஸ்எஸ்எச் ஃபோல்டர்ல இருக்கிற எஸ்எஸ்எச்டி கான்ஃபிக் ஃபைல். எஸ்எஃப்டிபிக்கான சப்சிஸ்டம் வரி ஏற்கனவே இருக்கும், அதை இன்டர்னல் எஸ்எஃப்டிபின்னு மாத்துங்க. ஃபைலோட கடைசில மேட்ச் குரூப்னு ஆரம்பிச்சு நம்ம குரூப் பேரைப் போட்டு, அதுக்குக் கீழ சிஎச்ரூட் டைரக்டரி எந்த ஃபோல்டர்னு ஒரு வரி, ஃபோர்ஸ் கமாண்ட் இன்டர்னல் எஸ்எஃப்டிபின்னு (அவர் எந்தக் கமாண்ட் கேட்டாலும் இதை மட்டும் ஓட்டுன்னு அர்த்தம்) ஒரு வரி, டிசேபிள் ஃபார்வர்டிங் எஸ்னு ஒரு வரி, பாஸ்வேர்ட் ஆதென்டிகேஷன் நோன்னு ஒரு வரி. ஃபோல்டர் பேர்ல பர்சன்ட் குறி போட்டு யூ எழுத்தைப் போட்டீங்கன்னா அந்த இடத்துல லாகின் பண்றவரோட யூசர் பேர் தானா வந்துடும், அதனால நூறு பேர் இருந்தாலும் இந்த ஒரே பகுதி போதும்.

"கடைசில"ன்னு சொன்னதுக்குக் காரணம் இருக்கு. மேட்ச்னு ஒரு வரி வந்துட்டா அடுத்த மேட்ச் வரைக்குமோ ஃபைல் முடியிற வரைக்குமோ கீழ இருக்கிற எல்லாமே அந்த குரூப்புக்கு மட்டும்தான். நடுவுல கொண்டு போய் வச்சீங்கன்னா அதுக்குக் கீழ எல்லாருக்கும்னு நினைச்சு எழுதி வச்ச பாதுகாப்பு வரிகள் மத்தவங்களுக்கு சத்தமில்லாம வேலை செய்யாமப் போயிடும், நிறைய வரிகளுக்கு எர்ரர் கூட வராது. இன்னொண்ணு, ஒரே செட்டிங் ரெண்டு இடத்துல இருந்தா பெரும்பாலும் முதல்ல படிச்சதுதான் செல்லும், நிறைய டிஸ்ட்ரிபியூஷன்ல மெயின் ஃபைலோட தலையிலயே இன்னொரு ஃபோல்டர்ல இருந்து குட்டிக் குட்டி கான்ஃபிக் ஃபைல்களை இன்குளூட் பண்ற வரி இருக்கும், நீங்க கீழ என்ன மாத்தினாலும் நடக்கலைன்னா அங்க போய்ப் பாருங்க.

எல்லாரும் மாட்டிக்கிற இடம்

இப்போதான் முக்கியமான இடம், இங்க கொஞ்சம் நிதானமா படிங்க. எல்லாம் சரியா எழுதிட்டோம்னு கனெக்ட் பண்ணிப் பார்ப்பீங்க, லாகின் ஓகே ஆகும், உடனே கட் ஆகும், ப்ரோக்கன் பைப்னு ஒரு மெசேஜ் வரும். பாஸ்வேர்ட் தப்புன்னும் சொல்லாது, பர்மிஷன் இல்லன்னும் சொல்லாது. சர்வர் லாக்ல போய்ப் பார்த்தா, டெபியன் உபுண்டு வகைன்னா ஆத் லாக், ரெட்ஹேட் வகைன்னா செக்யூர் லாக், அதுல "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிஎச்ரூட் டைரக்டரி"ன்னு ஒரு வரி இருக்கும்.

விதி என்னன்னா, நீங்க உச்சின்னு காட்டின ஃபோல்டரும், உண்மையான ஸ்லாஷ்ல இருந்து அது வரைக்கும் வழில இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரும், ரூட் யூசருக்கு, அதாவது சர்வர்ல முழு அதிகாரம் உள்ள யூசருக்குத்தான், சொந்தமா இருக்கணும், ரூட்டைத் தவிர வேற யாருக்கும், குரூப்புக்குக் கூட, எழுதுற பர்மிஷன் இருக்கக் கூடாது. பர்மிஷன் நம்பர்ல சொன்னா 755 (ஓனர் மட்டும் எழுதலாம்) சரி, 775 (குரூப்பும் எழுதலாம்) ஆகாது. ஒருத்தரை ஒரு ஃபோல்டர்ல அடைக்கிறோம், ஆனா அந்த ஃபோல்டர் அவருக்குச் சொந்தமா இருக்கக் கூடாது, இது கேக்கும்போது தலைகீழா தெரியும். யூசர் கிரியேட் பண்ணா ஹோம் ஃபோல்டர் அவர் பேர்லதான் வரும், அதையே உச்சின்னு காட்டுவோம், அதனாலதான் முதல் தடவை கிட்டத்தட்ட எல்லாருக்குமே இது உடையுது.

ஏன் இப்படி ஒரு கறாரான விதி? உச்சில ஒருத்தரால எழுத முடிஞ்சா அவர் அங்க தானே ஒரு போலி ஈடிசி ஃபோல்டரை உருவாக்கலாம், அதுக்குள்ள தனக்குப் பிடிச்ச மாதிரி போலி பாஸ்வேர்ட் ஃபைல், போலி லைப்ரரி எல்லாம் வைக்கலாம். ரூட் உரிமையோட ஓடுற ஒரு புரோகிராம் அந்த அடைச்ச உலகத்துக்குள்ள ஓட நேர்ந்தா அது பாஸ்வேர்ட் ஃபைல்னு நம்பிப் படிக்கிறது இந்தப் போலியைத்தான். அதாவது உலகத்தோட உச்சியை எழுதுறவர்தான் அந்த உலகத்துல எது உண்மைன்னு முடிவு பண்றவர். அதனால ஓப்பன்எஸ்எஸ்எச் இந்த விஷயத்துல எச்சரிக்கை மட்டும் குடுத்துட்டு விடாம கனெக்ஷனையே வெட்டி விட்டுடுது, எனக்கு இந்த பிடிவாதம் ரொம்பப் பிடிக்கும்.

தீர்வு சின்னது. உச்சி ஃபோல்டரை ரூட் பேர்ல 755 போட்டு விட்டுடுங்க, அதுக்குள்ள அப்லோட்னு இன்னொரு ஃபோல்டர் கிரியேட் பண்ணி அதை மட்டும் யூசர் பேருக்கு மாத்துங்க. அவர் உள்ள வந்தா அப்லோட்னு ஒரே ஒரு ஃபோல்டர் தெரியும், அதுக்குள்ள போய் என்ன வேணா பண்ணலாம், வெளிய உச்சில ஒரு ஃபைல் கூட போட முடியாது. "உள்ள வந்து ஃபைல் போட்டா பர்மிஷன் டினைடுன்னு வருது"ன்னு போன் வரும், அவர் உச்சிலயே போடப் பார்க்கிறார்னு அர்த்தம், ஃபோர்ஸ் கமாண்ட் வரில இன்டர்னல் எஸ்எஃப்டிபிக்குப் பின்னாடி மைனஸ் டி (-d) போட்டு அந்த அப்லோட் ஃபோல்டரைக் குடுத்துட்டா நேரா அங்கயே போய் இறங்குவார், அந்த போன் வராது.

நான் பார்த்த ஒரு இடத்துல இந்த ப்ரோக்கன் பைப் வந்ததும் அவசரத்துல ஹோம் ஃபோல்டர் முழுக்க, உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் சேர்த்து, 777, அதாவது யார் வேணா எழுதலாம்னு, போட்டுட்டாங்க. ப்ரோக்கன் பைப் போகல, போகவும் போகாது, ஏன்னா பர்மிஷன் அதிகமா இருக்கிறதுதான் அங்க பிரச்சனையே, ஆனா அதோட கூட மத்த எல்லாருக்கும் கீ லாகின் நின்னு போச்சு, கீ வச்சிருக்கிற ஃபோல்டரை யார் வேணா எழுதலாம்னா எஸ்எஸ்எச் அந்தக் கீயை நம்பாது. ஒரு ஆளுக்கு ஃபைல் போட வழி பண்ணப் போய் முழு டீமும் ரெண்டு மணி நேரம் வெளிய நின்னாங்க. எஸ்எஸ்எச் சம்பந்தப்பட்ட எந்த எர்ரருக்கும் 777 மருந்தா இருக்கவே முடியாது, இதை மட்டும் நம்புங்க.

தெரியாம திறந்தே கிடக்கிற கதவு

ஷெல் நோலாகின், ஃபோர்ஸ் கமாண்ட் இருக்கு, சிஎச்ரூட் இருக்கு, இதுக்கு மேல என்னன்னு தோணும். ஃபார்வர்டிங் இருக்கு. எஸ்எஸ்எச்ல டனல்னு ஒரு வசதி உண்டு, கமாண்ட் எதுவும் ஓட்டாம, ஷெல் எதுவும் கேக்காம, "எனக்கும் உன் பக்கத்துல இருக்கிற இன்ன போர்ட்டுக்கும் நடுவுல ஒரு குழாய் போட்டுக் குடு"ன்னு மட்டும் கேக்கலாம். கமாண்டே கேக்காததால ஃபோர்ஸ் கமாண்ட் குறுக்க வராது, ஷெல் கேக்காததால நோலாகின் குறுக்க வராது, ஃபைல் எதையும் தொடாததால சிஎச்ரூட்டுக்கும் இதுல வேலை இல்ல. குழாய் போடுறது எஸ்எஸ்எச் சர்வரேதான். உங்க டேட்டாபேஸ் 3306ல வெளிய தெரியாம லோக்கல்ல மட்டும் கேட்டுட்டிருக்கும், வெளில இருந்து யாரும் வர முடியாதுன்னு நிம்மதியா இருப்பீங்க, ஆனா ஃபைல் போட மட்டும்னு குடுத்த அந்த லாகின் வச்சு ஒருத்தர் நேரா அந்த டேட்டாபேஸ் வாசல்ல வந்து நிக்க முடியும். உள் நெட்வொர்க்ல இருக்கிற மத்த மெஷின்களுக்கும் இதே கதைதான்.

டிசேபிள் ஃபார்வர்டிங் எஸ்னு அந்த ஒரு வரி போட்டோமே, அது எல்லா வகை ஃபார்வர்டிங்கையும் ஒட்டுமொத்தமா மூடுறதுக்குத்தான், ஓப்பன்எஸ்எஸ்எச் 7.4ல இருந்து இருக்கு, ஆனா 10.0க்கு முந்தின வெர்ஷன்கள்ல ஒரு பக்கால ஏஜென்ட், எக்ஸ்11 ரெண்டையும் மூடாம விட்டுடும், அங்க அந்த ரெண்டுக்கும் தனியா நோ போடுங்க. 7.4க்கும் முந்தின பழைய சர்வர்னா டிசிபி ஃபார்வர்டிங், ஏஜென்ட் ஃபார்வர்டிங், எக்ஸ்11 ஃபார்வர்டிங், டனல்னு ஒவ்வொண்ணையும் தனித்தனியா நோ போடணும். எல்லாம் சரியா பண்ணி இந்த ஒண்ணை மட்டும் விட்டுட்ட சர்வர்களை நான் நிறைய பார்த்திருக்கேன், ஏன்னா எஸ்எஃப்டிபி டெஸ்ட் பண்ணா நல்லா வேலை செய்யும், ஷெல் டெஸ்ட் பண்ணா வராது, டனலை யாரும் டெஸ்ட் பண்றதே இல்ல.

பாஸ்வேர்டுக்குப் பதிலா கீ

கீ முறைல ரெண்டு பாதி. பிரைவேட் கீ அவர்கிட்டயே இருக்கும், பப்ளிக் கீ நம்ம சர்வர்ல. அவரையே ஒரு எட்25519 வகை கீ ஜெனரேட் பண்ணச் சொல்லி பப்ளிக் பாதியை மட்டும் வாங்குங்க. நாமளே ரெண்டையும் ஜெனரேட் பண்ணி மெயில்ல அனுப்புற பழக்கம் சில இடத்துல இருக்கு, அந்த மெயில் ரெண்டு பேர் மெயில்பாக்ஸ்லயும் பல வருஷம் கிடக்கும், அப்புறம் அதுக்குப் பேர் பிரைவேட் இல்ல.

கீயை எங்க வைக்கிறதுன்னு ஒரு கேள்வி வரும். வழக்கமா யூசரோட ஹோம்ல இருக்கும், ஆனா இங்க அவர் தனக்குத்தானே இன்னும் நாலு பேரோட கீயைச் சேர்த்துக்கிற வாய்ப்பை நாம குடுக்க வேண்டாம். ஆதரைஸ்டு கீஸ் ஃபைல்ங்கிற செட்டிங்ல ஈடிசிக்குள்ள ஒரு ஃபோல்டரைக் காட்டி அதுல யூசர் பேர்ல ஒரு ஃபைல்னு வச்சுட்டா அது ரூட் கையில இருக்கும். அடைக்கிறதுக்கு முன்னாடியே எஸ்எஸ்எச் கீயைச் சரி பார்த்துடுறதால இந்த இடம் அடைச்ச ஃபோல்டருக்கு வெளிய இருக்கலாம், ஒரு தொந்தரவும் இல்ல. அந்தக் கீ வரிக்கு முன்னாடியே ஃப்ரம்னு போட்டு எந்த ஐபில இருந்து மட்டும் வரலாம்னும் எழுதலாம், ராத்திரி ரிப்போர்ட் தள்ளுற மெஷின் மாதிரி நிலையான ஐபி இருக்கிறவங்களுக்கு இது அருமையான விஷயம், கீயே திருடு போனாலும் வேற இடத்துல இருந்து செல்லாது.

அவர் பக்கத்துலயும் ஒரு விஷயம் இருக்கு. முதல் தடவை கனெக்ட் பண்ணும்போது இந்த சர்வரோட ஃபிங்கர்பிரிண்ட் இது, நம்பலாமான்னு கேக்கும், எல்லாரும் படிக்காம எஸ் அடிச்சிடுவாங்க. அவர் பேசப்போறது நம்ம சர்வர்கிட்டதானா இல்ல நடுவுல உக்காந்திருக்கிற வேற யார்கிட்டயோவான்னு தெரிஞ்சுக்கிற ஒரே சந்தர்ப்பம் அதுதான். சர்வர்ல இருந்து ஃபிங்கர்பிரிண்டை எடுத்து யூசர் பேர் அனுப்பும்போதே வேற வழியா, போன்லயோ சாட்லயோ, அனுப்பிடுங்க, ரெண்டு நிமிஷ வேலை.

மாத்தினதை டெஸ்ட் பண்றது

கான்ஃபிக் மாத்தினதும் நேரா ரீஸ்டார்ட் அடிக்காதீங்க. எஸ்எஸ்எச்டி புரோகிராமை மைனஸ் சின்ன டி (-t) போட்டு ஓட்டினா ஃபைல்ல எழுத்துப்பிழை இருக்கான்னு பார்த்துச் சொல்லும். பெரிய டி (-T) போட்டு மைனஸ் பெரிய சி (-C) கூட யூசர் பேரைக் குடுத்தா அந்த ஆளுக்கு கடைசில எந்தெந்த செட்டிங் செல்லப் போகுதுன்னு முழு லிஸ்ட்டே காட்டும், நான் எழுதினது வேற நடக்கிறது வேறன்னு இருந்தா இங்கயே மாட்டிக்கும். அப்புறம் ரீலோட். இப்போ நீங்க உக்காந்திருக்கிற எஸ்எஸ்எச் விண்டோவை மூடாதீங்க, இன்னொரு விண்டோவைத் திறந்து நீங்களே புதுசா உள்ள வர முடியுதான்னு பாருங்க, வந்த பிறகு பழசை மூடலாம். தூரத்துல இருக்கிற சர்வர்ல தன்னையே வெளிய பூட்டிக்கிட்டவங்க எல்லாரும் இந்த ஒண்ணைத்தான் விட்டிருப்பாங்க.

அப்புறம் அந்த யூசராவே மாறி மூணு விஷயம் பாருங்க. எஸ்எஃப்டிபி உள்ள போகணும், மேல போ மேல போன்னு கேட்டாலும் அதே இடத்துல நிக்கணும். சாதாரண எஸ்எஸ்எச் பண்ணா இந்த சர்வீஸ்ல எஸ்எஃப்டிபி மட்டும்தான்னு ஒரு வரி சொல்லிட்டு வெளிய தள்ளணும். மூணாவது, டனல் போட்டு அது வழியா டேட்டாபேஸ் போர்ட்டைத் தொட்டுப் பாருங்க, அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி ப்ரொஹிபிட்டட்னு வந்தா நிம்மதி. அவர் எஸ்சிபி (எஸ்எஸ்எச் வழியா ஃபைல் காப்பி பண்ற கமாண்ட்) பயன்படுத்துறவரா இருந்தா ஒரு தகவல், ஓப்பன்எஸ்எஸ்எச் 9.0ல இருந்து எஸ்சிபி கமாண்டே உள்ளுக்குள்ள எஸ்எஃப்டிபிதான் பேசுது, அதனால அவர் கிளையன்ட் புதுசா இருந்தா வேலை செய்யும், பழசா இருந்தா செய்யாது. மாறின ஃபைல்களை மட்டும் காப்பி பண்ற ஆர்சிங்க் வேலை செய்யாது, அதுக்கு இந்தப் பக்கம் ஒரு புரோகிராமை ஓட்டியாகணும், நாமதான் அதை மூடிட்டோமே.

நடைமுறைல வர்ற சில விஷயங்கள்

அடைச்ச ஃபோல்டருக்குள்ள இருந்து வெளிய இருக்கிற வெப்சைட் ஃபோல்டருக்கு ஒரு சிம்லிங்க் (வேற இடத்தைக் காட்டுற ஷார்ட்கட்) போட்டுடலாம்னு தோணும், அது வேலை செய்யாது, அவர் உலகத்துல அந்த வெளி இடமே இல்லையே, லிங்க் ஒண்ணுமில்லாத இடத்தைக் காட்டும். அதுக்கு பைண்ட் மவுண்ட்னு ஒண்ணு இருக்கு, ஒரே ஃபோல்டரை ரெண்டு இடத்துல தெரிய வைக்கிறது, எஃப்எஸ்டேப்ங்கிற மவுண்ட் லிஸ்ட் ஃபைல்ல எழுதி வச்சா சர்வர் ரீபூட் ஆனாலும் இருக்கும். படிக்க மட்டும் குடுக்கணும்னா அந்த மவுண்டையே ரீட் ஒன்லியா போடலாம், இல்லன்னா இன்டர்னல் எஸ்எஃப்டிபிக்குப் பின்னாடி மைனஸ் பெரிய ஆர் போட்டா அந்த ஆளால எதையுமே எழுத முடியாது.

அவர் போட்ட ஃபைலை வெப் சர்வர் படிக்க முடியலன்னு இன்னொரு புகார் வரும். அப்லோட் ஃபோல்டருக்கு ரெண்டு பேருக்கும் பொதுவான ஒரு குரூப்பைப் போட்டு செட்ஜிஐடி பிட்டை ஆன் பண்ணிட்டா புதுசா வர்ற ஃபைல் எல்லாம் அந்த குரூப்லயே பிறக்கும், கூடவே மைனஸ் யூ போட்டு யூமாஸ்க்கை (புது ஃபைல்ல எந்தப் பர்மிஷனைக் கழிக்கணும்னு சொல்ற நம்பர்) 0002ன்னு வச்சா குரூப்புக்கு எழுதுற பர்மிஷனும் வரும், 0027ன்னு வச்சா படிக்க மட்டும். ஆனா அப்லோட் ஃபோல்டர் வெப்சைட்டுக்குள்ள இருந்தா இன்னொரு கவலை இருக்கு, அவர் ஒரு பிஎச்பி ஃபைலைப் போட்டுட்டு பிரவுசர்ல அதைக் கூப்பிட்டா வெப் சர்வர் அதை ஓட்டிடும், நாம எஸ்எஸ்எச் பக்கம் மூடின எல்லா கதவையும் அது வெப் பக்கம் வழியா சுத்திக்கிட்டு வந்துடும். அந்த ஃபோல்டர்ல ஸ்கிரிப்ட் எதையும் ஓட்டாதேன்னு வெப் சர்வர் கான்ஃபிக்ல கண்டிப்பா எழுதணும். மவுண்ட் பண்ணும்போது நோஎக்ஸெக் (இங்க இருக்கிற எதையும் நேரா ஓட்டாதேன்னு அர்த்தம்) போடுறது நல்லதுதான் ஆனா அது மட்டும் பிஎச்பியைத் தடுக்காது, ஏன்னா அங்க ஓடுறது பிஎச்பி இன்டர்பிரெட்டர், ஃபைலை அது வெறுமனே படிக்குது.

டிஸ்க்கை மறந்துடாதீங்க. அப்லோட் ஃபோல்டர் மெயின் பார்ட்டிஷன்லயே இருந்து ஒருத்தர் தெரியாம பெரிய பேக்கப்பைத் தள்ளிட்டா டிஸ்க் நிரம்பி டேட்டாபேஸ் எழுத முடியாம நின்னுடும். தனி பார்ட்டிஷன், இல்லன்னா கோட்டா, அதாவது ஒரு ஆளுக்கு இவ்வளவு இடம்தான்னு ஒரு வரம்பு, ஏதாவது ஒண்ணு வைங்க. யார் எந்த ஃபைலைத் திறந்தாங்க அழிச்சாங்கன்னு தெரியணும்னா மைனஸ் சின்ன எல் போட்டு இன்ஃபோன்னு குடுங்க, சில சிஸ்டம்ல அடைச்ச ஃபோல்டருக்குள்ள டெவ் லாக்னு ஒரு சாக்கெட் இருந்தாதான் லாக் வெளிய வரும், லாக் காலியா இருந்தா அங்க பாருங்க.

அவர் வேலையை முடிச்சுட்டுப் போகும்போது

குடுக்கிறதுக்குக் காட்டுற அக்கறைல பாதி கூட திரும்ப எடுக்கிறதுக்கு யாரும் காட்டுறதில்ல, அதனால இதைக் கொஞ்சம் விவரமா சொல்றேன். பாஸ்வேர்டை லாக் பண்ணிட்டா முடிஞ்சதுன்னு நினைப்பாங்க, ஆனா அது பாஸ்வேர்டை மட்டும்தான் பூட்டுது, நிறைய சர்வர்ல கீ அதுக்கப்புறமும் உள்ள விடும். கீ ஃபைலை எடுத்துடுங்க, அக்கவுண்டுக்கு எக்ஸ்பைரி தேதியைப் போன தேதியா வச்சிடுங்க, ரெண்டும் பண்ணுங்க. அப்பவும் ஏற்கனவே உள்ள கனெக்ட் ஆகி உக்காந்திருக்கிற செஷன் தானா அறுந்து போகாது, அந்த யூசர் பேர்ல ஓடுற புரோசஸ் எல்லாத்தையும் நிறுத்தணும்.

முடிவு தேதி தெரிஞ்ச வேலைன்னா, மூணு மாச புராஜெக்ட் மாதிரி, அக்கவுண்ட் கிரியேட் பண்ற அன்னைக்கே எக்ஸ்பைரியைப் போட்டு வச்சிடுறது என் வழக்கம். நீட்டிக்கணும்னா அவரே வந்து கேப்பார், எடுத்துடுங்கன்னு யாரும் வந்து கேக்க மாட்டாங்க.

யூசரையே டெலிட் பண்றதா இருந்தா ஃபைல்களைப் பத்தி முன்னாடியே யோசிச்சுடுங்க. லினக்ஸ் ஒரு ஃபைலோட ஓனரைப் பேரா ஞாபகம் வச்சுக்கிறதில்ல, நம்பராத்தான் வச்சுக்குது. யூசர் போயிட்டாலும் அந்த நம்பர் ஃபைல்லயே ஒட்டிக்கிட்டு இருக்கும், அடுத்து கிரியேட் பண்ற புது யூசருக்கு அதே நம்பர் கிடைச்சா போனவரோட ஃபைல் எல்லாம் புதுசா வந்தவர் பேர்ல தெரியும், யாரும் மாத்தாமலே. அதனால டெலிட் பண்றதுக்கு முன்னாடி ஃபைல்களை வேற ஆள் பேருக்கு மாத்திடுங்க, பண்ணின பிறகு ஃபைண்ட் கமாண்டை மைனஸ் நோயூசர் போட்டு ஒரு தடவை ஓட்டிப் பாருங்க, ஓனர் இல்லாம அனாதையா கிடக்கிற ஃபைல் எல்லாம் லிஸ்ட்ல வரும், அது காலியா வர்ற வரைக்கும் அந்த ஆள் இன்னும் முழுசா வெளிய போகலன்னு வச்சுக்கோங்க.